கடல் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படுவோம்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாளிதழ்களின் தென்மாவட்டப் பக்கங்களில் ஒரு சிறு செய்தி அடிக்கடி வருகிறது. திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிந்தன, பக்தர்கள் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அல்லது பாம்பன் பகுதியில் கடல் உள்வாங்கியது, நாட்டுப்படகுகள் தரைதட்டின, சிப்பிகளும் கடல் அட்டைகளும் வெளியே தெரிந்தன. இதைப் படிக்கிற எவருக்கும் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வருவது இயல்பு. அன்று உற்றாரைக் கடலுக்குப் பறிகொடுத்த மக்களின் அச்சத்தைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், இந்தச் செய்திகள் சொல்வது பெரும்பாலும் கடலின் வாடிக்கையான ஏற்றத்தையும் வற்றத்தையும்தான். நாம் அச்சத்தோடு பார்த்துவிட்டு விலகிப்போகிற அந்த இரண்டொரு மணி நேரத்தில்தான், குழந்தைகளோடு கடலோரச் சுற்றுலா போகும் குடும்பம் கரையில் இருக்க வேண்டும் என்பது என் வாதம். ரயில் நேரம், விடுதி வாடகை, கோயில் நடை திறக்கும் நேரம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் பயணத்தைத் திட்டமிடுகிறோம். கடல் வற்றும் நேரத்தையும் கேட்டுவைத்துக்கொண்டால், அலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பிள்ளைகள் கடலுக்குள் வாழ்கிறவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

கணக்கு எளிது. நம் கரைகளில் கடல் பொதுவாக ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று வற்றிய நேரத்தைவிட நாளை சுமார் 50 நிமிடம் தள்ளி வற்றும். சூரியனும் நிலவும் பூமியும் ஒரே நேர்கோட்டை ஒட்டி வரும் அமாவாசை, பௌர்ணமியிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றம் மிக உயர்ந்து, வற்றம் மிகத் தாழ்ந்திருக்கும். அட்டமி, நவமி வாக்கில் இரண்டும் மந்தமாகிவிடும். மண்டபம், பாம்பன் பக்கம் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கக் கடலுக்குள் இறங்கும் பெண்களுக்கு இது பாடப்புத்தகத்தில் படித்த அறிவு இல்லை, பிழைப்போடு வந்த அறிவு. மதுரையிலோ சேலத்திலோ இருக்கும் குடும்பத்துக்கும் இது எட்டாத அறிவு கிடையாது. சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் திதி அச்சாகித்தான் இருக்கிறது. மணிக்கணக்காகத் தெரிய வேண்டுமென்றால், இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் துறைமுகங்களுக்கான ஓத அட்டவணையை வெளியிடுகிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் இணையத்திலும் தருகிறது. இன்னொரு வசதியும் உண்டு. ஓர் ஊரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஆழ்ந்த வற்றம் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே மணிக்கு வரும். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டால் அடுத்தடுத்த பயணங்களுக்கும் அது போதும்.

தமிழ்நாட்டில் இதற்கென்று மக்களைப் புதிதாகக் கடற்கரைக்கு அழைக்க வேண்டியதே இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடமில்லாமல் கூட்டம் சேர்கிறது. கன்னியாகுமரியிலும் அப்படித்தான். பௌர்ணமி இரவைத் திருச்செந்தூர்க் கடற்கரையில் கழிக்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அதாவது, கடல் மிக அதிகமாக வற்றும் நாட்களில்தான் நம் மக்கள் தாமாகவே கரையில் கூடுகிறார்கள். தர்ப்பணம் முடிகிறது, நீராடல் முடிகிறது, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படுகிறது, பிள்ளைகள் மணலில் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தடி தள்ளி, நீர் விலகிய பாறை இடுக்கில் வேறோர் உலகம் திறந்து கிடப்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. பல இடங்களில் அந்த இடுக்கில் முதலில் கண்ணில் படுவது, நீராடியவர்கள் விட்டுச்சென்ற ஈரத்துணிதான்.

அந்த உலகத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வற்றிய மணல்வெளியில் மிளகளவு மணல் உருண்டைகள் ஆயிரக்கணக்கில் பரவிக் கிடப்பதைப் பலரும் மிதித்துக்கொண்டு நடந்திருப்பார்கள். அவை ஒரு சின்ன நண்டின் சாப்பாட்டு மிச்சம். நீர் இறங்கியதும் வளையிலிருந்து வெளியே வந்து, இடுக்கியால் மணலை அள்ளி வாயருகே கொண்டுபோய், மணல்துகளில் ஒட்டியிருக்கும் நுண்பாசியையும் மக்கிய துணுக்குகளையும் பிரித்துத் தின்றுவிட்டு, மீந்த மணலை உருட்டிப் பின்னால் தள்ளிவிடும். வளையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு பாதை போட்டுக்கொண்டே தின்னும். ஆபத்து வந்தால் திரும்பி ஓட வழி வேண்டும் என்பதால் அந்தப் பாதையில் உருண்டை போடாது. அதனால்தான் வளையைச் சுற்றி ஆரம் ஆரமாகக் கோலம் விழுகிறது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் எல்லாம் உள்ளே போய்விடும். ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். பிள்ளைகளை ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரவைக்க இதைவிட நல்ல காரணம் கிடைப்பது அரிது. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், காலைக் கீறிவிடும் வெள்ளைக் கொட்டலசைக் கல் என்றே பலர் நினைக்கிறார்கள். அது நண்டு, இறாலுக்கு உறவான உயிர். குஞ்சாக இருக்கையில் நீந்தித் திரிந்து, பிடித்த பாறையில் தலையைப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டு, ஓடு கட்டி, மிச்சமுள்ள வாழ்நாள் முழுதும் காலால் நீரைத் துழாவித் தின்று பிழைக்கிறது. நீர் விலகினால் ஓட்டின் கதவை மூடி உள்ளே ஈரத்தைக் காத்துக்கொள்ளும். தேங்கிய குட்டையில் நீருக்கடியில் இருக்கும் கொட்டலசைக் கவனித்தால், இறகு போன்ற கால்கள் வெளியே வந்து வாரிக்கொண்டு உள்ளே போவது வெறும் கண்ணுக்கே தெரியும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்தக் கொட்டலசு இனங்களை ஆராய்வதற்கே கொடுத்தார்.

கடலுயிர்களைப் பார்க்கப் படகும் மூழ்குநர் உடையும் கண்ணாடித் தொட்டிகளுள்ள காட்சியகமும் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. அதற்கெல்லாம் பணம் வேண்டும். நீர் வற்றிய கரைக்குக் கட்டணம் இல்லை. நீச்சல் தெரியாத பாட்டியும் ஆறு வயதுப் பேத்தியும் கணுக்கால் நீரில் நின்றபடி பார்க்கலாம். அறிவியலும் இந்த எளிய வாசல் வழியாகத்தான் கடலுக்குள் நுழைந்தது. பாம்பனுக்கு அருகே உள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைத் தொகுத்துச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் தனி நூலாகவே வெளியிட்டது. அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் பெய்ன் வாஷிங்டன் மாநிலத்தின் பாறைக் கரையொன்றில் ஒரு துண்டுப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து பிடுங்கிக் கடலில் வீசிவந்தார். அவற்றுக்கு இரையாகிவந்த கடற்சிப்பிகள் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டதில், அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. 1966-இல் வெளியான அந்த ஆய்வு, ஓர் இனம் போனால் ஊரே மாறிவிடலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அதற்கு வேண்டியிருந்தவை வற்றும் நேரம், ஒரு கடப்பாரை, பொறுமை. கைப்பேசியில் இதைவிடத் தெளிவான படங்கள் கிடைக்கின்றனவே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். திரையில் வரும் உயிர் எப்போது வரவேண்டும் என்பதை யாரோ முன்பே முடிவுசெய்துவிட்டார்கள். கரையில் குழந்தைதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எதுவும் கண்ணில் படாமலும் போகலாம். தேடுதல் பழக்கம் அந்த நிச்சயமின்மையில்தான் வரும்.

நம் கடலில் ஏற்றவற்றமே குறைவு, இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பது ஒரு மறுப்பு. உண்மையில் பாதி நியாயம் இதில் இருக்கிறது. குஜராத்தின் பாவ்நகர்ப் பக்கம் நீர்மட்டம் 10 மீட்டர் அளவுக்குக்கூட ஏறி இறங்கும். சென்னையில் பெரிய வற்றத்திலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான். மன்னார் வளைகுடாவில் அதைவிடவும் குறைவு. கச்சு வளைகுடாவில் 1982-இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவின் நராரா பவளத்திட்டில் வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டியின் பின்னால், கணுக்கால் நீரில் நடந்தே பவளத்தைப் பார்க்க முடிகிறது. அந்தக் காட்சி மெரினாவில் கிடைக்காது. ஆனால், கரை எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே எவ்வளவு தூரம் நிலம் வெளிப்படும் என்பது அமைகிறது. பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழமற்றது, கரை மெல்லச் சரிவது. அங்கே நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினாலே வெகுதூரத்துக்குத் தரை தெரியும். திருச்செந்தூர், முட்டம், கன்னியாகுமரி போன்ற பாறைக் கரைகளில் சின்ன இறக்கமே குட்டைகளைத் திறந்துவிடும். கூட்டமும் கழிவும் மிகுந்த மும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மரைன் லைஃப் ஆஃப் மும்பை’ என்ற குடிமக்கள் குழு 2017 முதல் வற்றும் நேரங்களில் பொதுமக்களைக் கரைக்கு அழைத்துப்போய், கண்ட உயிர்களைப் பதிவு செய்துவருகிறது. சாக்கடை மட்டும்தான் கலக்கிறது என்று நகரமே நம்பிய கரைகளில் பவளமும் கடற்சாமந்தியும் எண்காலியும் இருப்பது பலருக்கும் அதன் பிறகுதான் தெரிந்தது. கடலோரச் சாலைப் பணி வந்தபோது, ஹாஜி அலி அருகிலிருந்த பவளங்களை உரிய அனுமதி பெற்று வேறிடத்துக்கு மாற்ற வேண்டிவந்தது. இருப்பது தெரிந்தால்தான் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சே எழும்.

இரண்டாவது மறுப்பு ஆபத்து பற்றியது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். கள்ளக்கடல் எனப்படும், உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தொலைதூரப் புயலால் திடீரென்று எழும் பேரலை குறித்து இன்காய்ஸ் எச்சரித்திருந்த நாட்கள் அவை. இப்படிப்பட்ட கடலை நோக்கிக் குடும்பங்களை இன்னும் நெருங்கிப் போகச் சொல்வது சரியா என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. என் பதில் இதுதான். மக்கள் ஏற்கெனவே நெருங்கிப் போகிறார்கள், எதுவும் தெரியாமல் போகிறார்கள். எச்சரிக்கை ஐதராபாத்திலிருந்து வந்துவிடுகிறது, கரையில் நிற்கிறவர் கண்ணுக்கு வந்து சேர்வதில்லை. வற்றும் நேரம் பார்த்துப் போகப் பழகும் குடும்பம், போகும்முன் கடலின் நிலையை விசாரிக்கும் குடும்பமாக ஆகிவிடும். எச்சரிக்கை உள்ள நாளில் போகாது. வற்றத் தொடங்கியதும் இறங்கி, நீர் மிகத் தாழ்ந்த நேரம் கடந்ததும் கரையேறும். கடலுக்கு முதுகு காட்டி நிற்காது. பாசிப் பாறையில் வெறுங்காலோடு ஓடாது. கரை ஒதுங்கிய நீலநிறப் பை போன்ற சொறியையோ கூம்பு வடிவச் சங்கையோ பிள்ளைகளைத் தொட விடாது. அழகான கூம்புச் சங்குகளுக்குள் இருக்கும் நத்தை நஞ்சுள்ள ஊசியால் குத்தும், சில இனங்களின் நஞ்சு ஆளைக் கொல்லக்கூடியது. சுனாமி அச்சத்துக்கும் இதுவே மருந்து. ஓதம் வற்ற ஆறு மணி நேரம் எடுக்கும், சுனாமிக்கு முன் கடல் பின்வாங்கினால் சில நிமிடங்களில் நடந்துவிடும். இந்த வேறுபாட்டை அறிய வாடிக்கையான வற்றம் எப்படியிருக்கும் என்று பார்த்துப் பழகியிருக்க வேண்டும். 2004-இல் தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் கேட்ட பாடத்தை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். அந்தக் கடற்கரையிலிருந்த சுமார் நூறு பேர் தப்பினார்கள்.

எனக்கு உண்மையிலேயே வலுவானதாகத் தோன்றும் மறுப்பு மூன்றாவது. கூட்டமே கரையை அழித்துவிடும் என்பது. வரலாறு அந்தப் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 1853-லும் அதை அடுத்த ஆண்டும் டெவன் கரையின் உயிர்களையும் அவற்றை வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் முறையையும் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். நாடே கரைக்குக் கிளம்பியது. கல்லைப் புரட்டியும் பாறையைக் கொத்தியும் வாளி வாளியாக அள்ளிப்போனார்கள். அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட நினைவுநூலில், தன் தந்தையின் எழுத்தே அந்தக் குட்டைகள் வெறுமையாகக் காரணமாயிற்று என்று வருந்தி எழுதியிருக்கிறார். அன்போடு செய்த அறிமுகமே அழிவுக்கு வழிவிட்டது. கடற்கரையைப் பார்க்கச் சொல்லி எழுதுகிற எவரும் இதை மறக்கக் கூடாது. ஆகவே, எடுக்காமல் பார்ப்பது என்ற நிபந்தனையைக் கடைசியில் ஒட்டவைக்கும் அறிவுரையாக இல்லாமல் முதல் விதியாக வைக்க வேண்டும். ஒரு சிப்பி எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்விக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கடற்கரையில் 1978–81 காலத்திலும் 2008–10 காலத்திலும் ஓடுகளைக் கணக்கிட்டு ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அப்பகுதிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் மூன்று மடங்கை நெருங்கினார்கள், கரையில் கிடந்த ஓடுகள் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டன. எல்லாம் பைகளில்தான் போயின என்று சொல்ல முடியாது, கடற்கரையை இயந்திரம் கொண்டு வாருவதும் காரணமாகலாம். ஆனாலும், வெற்று ஓடு யாருக்கும் சொந்தமில்லாத பொருள் என்று நினைக்க முடியாது. துறவி நண்டுக்கு வயிற்றுப்பகுதி மென்மையானது, ஓடு கிடையாது. செத்த நத்தையின் ஓட்டுக்குள் உடலைச் சுருட்டி நுழைத்து அதைச் சுமந்தே திரியும். வளர வளரப் பெரிய ஓடு தேட வேண்டும். ஒரு நண்டு பெரிய ஓட்டுக்குப் போனால், அது விட்ட ஓட்டுக்கு அடுத்தது வரும், அதன் ஓட்டுக்கு இன்னொன்று. கரையிலிருந்து ஓர் ஓட்டை எடுத்தால் இந்த வரிசையில் எத்தனையோ நண்டுகளுக்கு இடம்பெயர வழியடைகிறது.

சட்டமும் இங்கே தெளிவாகவே இருக்கிறது, மக்களுக்குத்தான் தெரியாது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001-இல் கடல் அட்டைகள், கடற்குதிரைகள், பவளங்கள், சில சங்கு, சிப்பி இனங்கள் சேர்க்கப்பட்டன. கரை ஒதுங்கிய பவளத் துண்டைப் பூசை அறைக்கு எடுத்துவருகிறவர் தான் குற்றம் செய்வதாகக் கனவிலும் நினைப்பதில்லை. சங்குக் கடைகளில் பிழைக்கும் குடும்பங்களை இந்த வாதத்துக்குள் இழுப்பது நியாயமாகாது. அவர்கள் விற்பவற்றில் பெரும்பகுதி வலையில் வருவது, அதன் ஒழுங்குமுறை வேறு விவாதம். இங்கே கேட்பது பயணியிடம். மிதிபடும் சேதத்துக்கும் வழி இருக்கிறது. எல்லாக் கரைகளையும் எல்லாருக்கும் திறக்க வேண்டியதில்லை. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியின்றிக் கால்வைக்கத் தடை இருக்கிறது, அது அப்படியே இருக்க வேண்டும். பவளத்திட்டின் மேல் யாரும் நடக்கக் கூடாது. கூட்டம் போக வேண்டியது மணல்வெளிகளுக்கும், ஏற்கெனவே ஆள் நடமாட்டமுள்ள ஊர்க்கரைகளின் பாறைகளுக்கும். அங்கும் புரட்டிய கல்லைப் புரட்டியபடி விடக் கூடாது. கல்லின் அடியில் நிழலுக்கும் ஈரத்துக்கும் ஒண்டியிருப்பவை வெயிலில் சில நிமிடங்களில் காய்ந்துபோகும். கல்லைத் தொடவே வேண்டாம் என்பது இன்னும் நல்ல விதி.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவுள்ள காரியம் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான கடற்கரை நமக்கு இருக்கிறது. இங்கே குளிக்காதீர்கள், ஆழமான பகுதி என்ற பலகைகள் பல இடங்களில் நிற்கின்றன. அவற்றின் பக்கத்தில் இன்று கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்கு ஏறும், அலை எச்சரிக்கை உண்டா என்று தினமும் எழுதும் ஒரு கரும்பலகை போதும். அதன் கீழே அந்தக் கரையில் உள்ள ஏழெட்டு உயிர்களின் படமும் ஊர்ப்பெயரும், எவற்றைத் தொடக் கூடாது, எவற்றை எடுப்பது குற்றம் என்ற வரியும் இருக்க வேண்டும். எழுதுகிறவர் உள்ளூர்க்காரராக இருப்பது முக்கியம். இராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குப் பயணிகளைப் படகில் அழைத்துப்போகும் பணியை வனத்துறை அந்த மீனவக் கிராமத்தோடு சேர்ந்துதான் நடத்துகிறது. பிள்ளைகளுக்குக் கரையைக் காட்ட, பாசி எடுத்தே அந்தக் கடலின் ஒவ்வோர் அடியையும் அறிந்த பெண்களைவிடத் தகுதியானவர்கள் யார்? அவர்களுக்கு ஒரு நாள் கூலியாக அது அமையட்டும், ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்ற வரம்போடு. திருச்செந்தூர், இராமேசுவரம், கன்னியாகுமரி ஆகிய மூன்று ஊர்களில் முதலில் தொடங்கலாம். கடல் மிக வற்றும் நாட்களில் மக்கள் ஏற்கெனவே கூடும் இடங்கள் அவை. அடுத்த ஆடி அமாவாசைக்குள் அங்கே பலகை வைத்துவிட முடியும். அதில் எழுத வேண்டிய நேரங்களை நில அளவைத் துறை முன்கூட்டியே கணித்து அச்சிட்டுத் தருகிறது.